மாஸ்லோ அப்படிச் சொல்லவில்லை

"தங்குவிடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் போதும். பாசம், மரியாதை எல்லாம் அப்புறம்தான். மாஸ்லோவின் பிரமிடே அப்படித்தான் சொல்கிறது." சிங்கப்பூர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு என்று மனிதத் தேவைகளை வரிசைப்படுத்திய அமெரிக்க உளவியலாளர் ஆப்ரகாம் மாஸ்லோ. அந்த வரிசையைக் கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டும் படம்தான் இந்தப் பிரமிடு. ஆனால் அவர் 1943இல் எழுதிய கட்டுரையில் பிரமிடு படமே கிடையாது. அது பின்னாளில் நிர்வாகத் துறைக்காரர்கள் வரைந்தது. ஒரு தேவை நூறு சதவீதம் நிறைவேறினால்தான் அடுத்தது தலைகாட்டும் என்று நினைப்பது தவறு என அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். சராசரி மனிதருக்கு உடல் தேவை 85, பாதுகாப்பு 70, அன்பு 50 சதவீதம் நிறைவேறியிருக்கலாம் என்று, புரிவதற்காக ஓர் உத்தேசக் கணக்கும் கொடுத்தார். அதாவது, எல்லாத் தேவைகளும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் அரைகுறையாக இருக்கின்றன. வரிசை உண்டு, சரி. ஆனால் அதுவும் ஆளுக்கு ஆள் மாறலாம் என்றார்.

போன ஞாயிறு மாலை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் புல்வெளியில் ஒரு தம்பியைப் பார்த்தேன். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, ஊரில் மகள் போட்ட கோலத்தை வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பசிக்காமல் இல்லை. 2014இல் இங்கே தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டிக்கு எழுதியவர்களிலும், பகலெல்லாம் கட்டுமானத் தளத்தில் வெயிலில் நின்றவர்கள் உண்டு.