வண்டலூரில் ஒரு பலகை வைக்கலாமே

ஜூலை 24 வந்தால் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு இன்னொரு வயது கூடும். 1985இல் அந்த நாளில்தான் எம்.ஜி.ஆர். அதைத் திறந்து வைத்தார். பெயர் அண்ணாவுடையது, திறந்தவர் எம்.ஜி.ஆர். நம் ஊர் வழக்கப்படி நினைவுகூரும் வேலை அத்தோடு முடிந்தது. இருவர் மீதும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தப் பூங்காவை உருவாக்கியவர்கள் யார் என்று கேட்டால், எழும்பூரில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எட்வர்ட் பால்ஃபர். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர். 1851இல் மெட்ராஸ் அருங்காட்சியகம் தொடங்கியபோது அதற்குப் பொறுப்பாளர். கல்லையும் எலும்பையும் பார்க்க எத்தனை பேர் வருவார்கள்? ஒரு புலிக்குட்டியும் சிறுத்தையும் வந்து சேர்ந்தன, கூட்டம் அலைமோதியது. மனுஷன் அதோடு விடவில்லை. ஆற்காடு நவாப் குலாம் கௌஸ் கானிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளை மொத்தமாகக் கேட்டு வாங்கிவிட்டார். 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை பிறந்தது. அடுத்த வருடமே 300க்கும் மேற்பட்ட விலங்குகள்.

இதில் நவாபை யாருமே பேசுவதில்லை. அதே 1855இல் அவர் இறந்தார். நேரடி வாரிசு இல்லை என்று கிழக்கிந்தியக் கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. அவர் கொடுத்த விலங்குகள் மட்டும் ஊர்ச்சொத்தாக நின்றன.

பால்ஃபரையும் துதிபாட வேண்டியதில்லை. மரங்கள் போனால் மழை குறையும் என்று 1840களிலேயே எழுதியவர், பெண்கள் மருத்துவம் படிக்க வேண்டும் என்று குரல் கொடுத்தவர். எல்லாம் சரி. ஆனால் புலி அவருக்கு முதலில் கூட்டம் சேர்க்கும் சரக்குதான். அதையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.

1863இல் விலங்குகள் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. கவர்னர் ட்ரெவெலியன் உருவாக்கிய பூங்கா அது. பழைய மெட்ராஸ்காரர்கள் 'உயிர் காலேஜ்' என்று சொன்னது இதைத்தான். சென்ட்ரலில் இறங்கினால் சிங்கத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம் என்று என் அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த வசதி சிங்கத்துக்கு என்ன கொடுத்தது? மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, ஸ்டேடியம் என்று பூங்கா நிலம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது.

என்னைக் கேட்டால், இந்த வரலாற்றிலேயே பெரிய முடிவு ஊருக்கு நடுவில் இருந்த இடத்தை விட்டுக்கொடுத்ததுதான். 1976இல் வண்டலூர் காப்புக்காட்டில் 510 ஹெக்டேர் ஒதுக்கினார்கள், 1979இல் வேலை தொடங்கியது. நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி, அந்தக் காலத்தில்! அதற்காகக் கோப்பு எழுதியவர்கள், வரைபடம் போட்டவர்கள், மேலிடத்தில் சண்டை போட்டவர்கள் இருந்திருப்பார்கள்தானே. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் என் கண்ணில் பட்டதில்லை.

அவர்கள் செய்தது என்ன என்று பார்க்க, வண்டலூரில் சிங்கத்தின் இடத்துக்கு முன்னால் சற்று நில்லுங்கள். பழைய கூண்டுக் கம்பி கிடையாது. நடுவே அகழி, அதற்கு அப்பால் மரமும் புதரும். மத்தியான வெயிலில் சிங்கம் புதருக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடும். குழந்தையைத் தோளில் தூக்கிவைத்த அப்பாக்கள் "ஒண்ணுமே தெரியலப்பா" என்று முணுமுணுத்தபடி நகர்வார்கள். திட்டம் ஜெயித்ததற்கு அந்த முணுமுணுப்புதான் அத்தாட்சி என்பேன். பால்ஃபர் காலத்துப் புலிக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

அப்புறம் ஊழியர்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துப் போட்டது, பூங்கா பல வாரம் மூடிக்கிடந்தது. 2021 ஜூனில் கொரோனா சிங்கங்களைத் தாக்கியது. இறந்துபோன நீலா, பத்மநாதன் இரண்டின் பெயரும் பேப்பரில் வந்தன. அந்த நாட்களிலும் கூண்டுக்குப் போய்த் தீனி வைத்தவர்களின் பெயர் வரவில்லை.

சிலை வேண்டாம். இருக்கிற சிலைகளே போதும். ஒரே ஒரு பலகை, தமிழில், பெரிய எழுத்தில். பால்ஃபர், நவாப், ட்ரெவெலியன், வண்டலூர்த் திட்டத்தைத் தீட்டிய வனத்துறைக்காரர்கள், ஓய்வுபெற்ற காப்பாளர்கள் எல்லாரும் அதில் வரட்டும். பழைய பெயர்கள் துறையின் கோப்புகளில்தான் இருக்கும், தேடி எடுக்க வேண்டும். வனத்துறையில் யாராவது இதைப் படித்தால், பலகையை உள்ளே எங்கோ மூலையில் நட்டுவிடாதீர்கள். டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் வையுங்கள். காணும் பொங்கலன்று அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கு முழுதும் படிக்க நேரம் இருக்கும்.