பிரேக்அவேயை விட்டுக்கொடுப்பது சூதா?

கொழும்புத் தமிழ் சைக்கிள் ஆர்வலர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: ‘2006 டூர் டி பிரான்ஸில் பிரேக்அவேயாக, அதாவது கூட்டத்திலிருந்து பிரிந்து, முன்னால் போன ஐவரைப் பெருங்கூட்டம் (ஒன்றாக ஓட்டிவரும் மற்ற வீரர்கள்) 30 நிமிடம் முன்னே போக விட்டது. எல்லாம் காசுக்காக.’ காசுக்காக என்பது தவறு.

நேர இடைவெளி உண்மைதான். பெசியேயில் இருந்து மொண்டெலிமார் வரையான 13ஆவது கட்டத்தில் ஜென்ஸ் வோய்க்ட் வென்றார். அவரோடு வந்த ஒஸ்கார் பெரெய்ரோ, பெருங்கூட்டத்தைவிட ஏறக்குறைய 30 நிமிடம் முன்னதாக முடித்தார். ஆனால் எல்லாக் கட்டங்களையும் சேர்த்த மொத்த நேரத்தில் பெரெய்ரோ அதுவரை, முதலிடத்தில் இருந்த ஃபுளொய்ட் லாண்டிஸைவிட 28 நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். அன்றைய முடிவில் லாண்டிஸைவிட அவருக்குக் கிடைத்த முன்னிலை 1 நிமிடம் 29 வினாடி மட்டுமே.

மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணிவது மஞ்சள் சட்டை. அதை வைத்திருக்கும் அணிதான் தினமும் பெருங்கூட்டத்தின் முன்னால் ஓட்டி எதிர்க்காற்றைத் தாங்க வேண்டும். மரைன் டிரைவில் கடற்காற்றுக்கு எதிரே ஓட்டியவர்களுக்கு அந்தக் களைப்பு தெரியும். அதனால் லாண்டிஸின் அணி சட்டையைச் சில நாள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, மலைகளுக்காகச் சக்தியைச் சேமித்தது. துரத்தும் வேலையை மற்ற அணிகளும் ஏற்கவில்லை. அளவுக்கு மீறி விட்டார்கள் என்பேன். ஆனால் அது தந்திரக் கணக்கு, சூது அல்ல.

சரி, அந்த ஆண்டு மோசடியே இல்லையா? இருந்தது, வேறு இடத்தில். போட்டியில் முதலிடம் பெற்ற லாண்டிஸ், 17ஆவது கட்டத்துக்குப் பிறகான ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். 2007இல் பட்டம் பெரெய்ரோவுக்குப் போனது.