குதிப்பது பெரிய விஷயமில்லை

சானா என்கிற சூடான அறையில் வெந்துவிட்டுக் குளிர்நீரில் குதித்தால் தொழிலுக்கு வேண்டிய துணிச்சல் வந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. நானும் இரண்டு வருடமாக இறங்கி ஏறுகிறவன். குதிக்க ஒரு நொடி அசட்டுத்தனம் போதும். அப்புறம் வரும் அரை நிமிடம்தான் விஷயமே.

நீர் மார்பைத் தொட்டதும் நம்மைக் கேட்காமலே வாய் திறந்து மூச்சை இழுக்கும். தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அடுப்பை ஊதுகிற மாதிரி மூச்சை நீளமாக வெளியே விடுவேன். ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். தண்ணீர் என்னவோ அதே குளிர்தான். பெரிய ஆர்டர் ஒன்று ரத்தான மின்னஞ்சல் வந்த அன்றும் இதே மூச்சுதான் வாங்கியது. உடனே பதில் தட்டியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அரைமணி கழித்து எழுதினேன், பாதி ஆர்டராவது மிஞ்சியது.

'இன்னும் கொஞ்சம் தாங்கு' என்று கட்டுரையில் வருவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஃபின்லாந்தின் ஹெய்னோலாவில் உலக சானா போட்டி என்றே ஒன்று நடந்துவந்தது. யார் அதிக நேரம் உட்காருகிறார்கள் என்று பார்ப்பார்கள். 2010-இல், 110 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நடந்த இறுதிச் சுற்றில் ஒருவர் இறந்துபோனார். போட்டியும் அத்தோடு நின்றது. நஷ்டத்தில் ஓடும் கடையை வீம்புக்கு இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

இன்னொன்று, இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.