அவடோவியை எரித்தது ஸ்பானியர் இல்லை

"1700இல் ஸ்பானியப் படைதான் அவடோவியைக் கொளுத்தியது" என்று சொல்வது தவறு. அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள அந்த ஹோப்பி (பூர்வகுடி இனம்) கிராமத்தைத் தாக்கியவர்கள் பக்கத்து ஹோப்பி ஊர்க்காரர்களே. 1680இல் பூர்வகுடிகள் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பிறகும், ஸ்பானியப் பாதிரியார்களுக்கு அவடோவி மறுபடி இடங்கொடுத்ததில் வந்த கோபம் அது. (ஸ்பானியர் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை.)

கீவா என்பது தரைக்கடியில் இருக்கும் சடங்கு அறை. கூரைத் துளை வழியாக ஏணியில்தான் இறங்க வேண்டும். அவடோவி ஆண்கள் கீவாவுக்குள் இருந்தபோது, தாக்க வந்தவர்கள் ஏணியை உருவிவிட்டு, எரியும் விறகோடு மிளகாய் வற்றலையும் போட்டார்கள் என்பது ஹோப்பிகளே சொல்லிவரும் கதை. வெறும் கதை என்றும் தள்ள முடியாது. 1892இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஃப்யூக்ஸ் அங்கே தோண்டியபோது கரியும் சாம்பலும், சேமிப்பு அறைகளில் கருகிய சோளமும் கிடைத்தன.