எச்.ஐ.வி. இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கிடையாதா?

காரைக்குடிப் பக்கம் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய மாட்டார்களாம்; முதலில் ரத்தம் எடுப்பதே அவர்களைத் திருப்பி அனுப்பத்தானாம். பொய்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் (2017) இதைத் தெளிவாகவே சொல்கிறது. தொற்றைக் காரணம் காட்டி சிகிச்சையை மறுக்கக் கூடாது, பாதியில் நிறுத்தவும் கூடாது. இது தனியார் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். ‘டெஸ்ட் எடுத்தால்தான் வைத்தியம்’ என்று நிபந்தனை போடவும் முடியாது; விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

எங்கள் வளவில் அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்ட ஆச்சி ஒருவர், ஓ.பி. சீட்டை மடித்துச் சுருக்குப் பையில் திணித்துக்கொண்டார். “ரத்தம் எடுத்தா ஊருக்கே தெரிஞ்சிருமேப்பா!” அவர் பயம் அதுதான். ஆச்சி, டெஸ்ட் முடிவை வெளியே சொல்வதற்கும் அதே சட்டம் தடை போட்டிருக்கிறது.

சரி, டாக்டருக்குத் தொற்றிவிடாதா? யாருக்கு என்ன நோய் என்று பார்த்தா கையுறை மாட்டுகிறார்கள்? எல்லா நோயாளிக்கும் அதே கையுறை, அதே கவனம். தப்பித்தவறி ஊசி குத்திவிட்டாலும், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடத் தடுப்பு மருந்து இருக்கிறது.

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து சிகிச்சையும் (ஏ.ஆர்.டி.) 2004 முதல் அரசு மையங்களில் இலவசம்.