மீத்தேன் வந்துருச்சா? அந்தக் கார்பன் எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க

வெயிலை வைத்துக் கார்பன் டை ஆக்சைடை எரிபொருளாக மாற்றும் வேலையில் இறங்கியிருக்கிற கோவை, ஈரோடு பக்கத்துத் தம்பி தங்கைகளுக்கு இது. 1979-லேயே ஜப்பானில் இனோவே, ஃபுஜிஷிமா, ஹோண்டா குழு தண்ணீரில் கலந்த குறைகடத்தித் தூள்களில் ஒளி பாய்ச்சி ஃபார்மிக் அமிலம், மெத்தனால் எல்லாம் எடுத்துக் காட்டிவிட்டது. எடுப்பது பெரிதில்லைங்க, எதிலிருந்து வந்தது என்று நிரூபிப்பதுதான் பெரிது.

இந்த வேலைக்குப் பலரும் எடுக்கும் குறைகடத்தித் தூளான கார்பன் நைட்ரைடையே எடுத்துக்கொள்ளுங்க. மூடி போட்ட அலுமினா குரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணம்) 10 கிராம் யூரியா, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 550 டிகிரி வரை ஏற்றி இரண்டு மூன்று மணி நேரம். அரை கிராம் மஞ்சள் தூள் தேறும். மூடி சரியாக உட்காராவிட்டால் அதுவும் ஆவியாகப் போய்விடும். அம்மோனியா கிளம்பும், அதனால் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹுட்டில் வையுங்க.

சிக்கல் இங்கேதான். இந்தத் தூளிலேயே கார்பன் இருக்கிறது. அரைகுறையாக வெந்த யூரியா மிச்சம், கழுவின அசிட்டோன், கண்ணாடி மூட்டில் தடவின கிரீஸ், எலக்ட்ரான் கொடுக்கச் சேர்க்கிற ட்ரை எத்தனால் அமீன் எல்லாமே ஒளியில் உடைந்து கார்பன் மோனாக்சைடோ மீத்தேனோ தரலாம். வாயுக்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃபில் வரும் பீக்குக்கு அது எங்கே பிறந்தது என்று தெரியாது.

அதனால் மூன்று பிளாங்க் (ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுச் செய்யும் ஒப்பீட்டுச் சோதனை) கட்டாயம்: இருட்டில் ஒன்று, தூள் இல்லாமல் ஒன்று, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கான் விட்டு ஒன்று. ஆர்கானிலும் அதே அளவு வந்தால் அது உங்கள் தூளிலோ, மேலே சொன்ன கிரீஸ், அசிட்டோன் மாதிரி சமாச்சாரத்திலோ இருந்த கார்பன்தான். அப்புறம் கார்பன்-13 (சாதாரணக் கார்பனைவிட எடை ஒன்று கூடின கார்பன்) உள்ள கார்பன் டை ஆக்சைடு வாயு விட்டு, மூலக்கூறு எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கார்பன் மோனாக்சைடுக்கு 28-க்குப் பதில் 29, மீத்தேனுக்கு 16-க்குப் பதில் 17 ஏறுகிறதா பாருங்க. காற்று கசிந்தால் நைட்ரஜன் 28-ல் நிற்கும், 29-லும் கொஞ்சம் காட்டும். குரோமட்டோகிராஃபின் காலம் (column) என்ற குழாயில் வாயுக்களைப் பிரித்த பிறகே நம்புங்க. தண்ணீர் மட்டும்தான் எலக்ட்ரான் கொடுத்தது என்றால் ஒரு மீத்தேனுக்கு இரண்டு ஆக்சிஜன் வர வேண்டும். அதையும் அளக்கணும்.

"திருப்பூர் சாயப்பட்டறை பாய்லர் புகைபோக்கியிலேயே மாட்டிவிடலாம்" என்று ரிப்போர்ட் முடிவில் எழுதுவதை விட்டுவிடுங்க. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், எலக்ட்ரான் முதலில் அதைத்தான் பிடிக்கும். சாம்பலும் தாரும் தூளை மூடிவிடும். கணக்கும் ஒத்துவராது: கிராமுக்கு மணிக்கு 10 மைக்ரோமோல் மெத்தனால் என்றால் 8 மணி நேர வெயிலில் ஒரு கிராம் தூள் தருவது இரண்டரை மில்லிகிராம். ஒரு லிட்டருக்கு ஒரே நாளில் 300 கிலோ தூள் வேண்டும், அத்தனைக்கும் வெளிச்சம் படணும்.

கார்பன்-13 வாயு விலை அதிகம்தான். சின்ன ரியாக்டருக்குக் கொஞ்சம் வாயு போதும், நாலு காலேஜ் சேர்ந்து ஒரு சிலிண்டர் வாங்கலாம். அதுவரை ஆர்கான் பிளாங்க் படத்தையாவது ரிசல்ட் படத்துக்குப் பக்கத்திலேயே, அதே ஸ்கேலில் போடுங்க.