பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது

4,000 ரூபாய்க்குக் கலர் பிரிண்டர் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த விலையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். ஒரு பக்கம் எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அதற்குச் சரியான பதில் கிடைத்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தை நம்பிக் கடை நடத்துகிறவன் நான். டைப்பிங், பிரிண்ட், ஜெராக்ஸ், இவ்வளவுதான் தொழில். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் காலையிலேயே பெஞ்சு நிறைந்துவிடும். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று மானூரிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் மனுவோடு வருகிறார்கள். மை விலை ஏறினால் அன்றைக்கே என் கல்லாவில் தெரிந்துவிடும். ஜூன் பிறந்து பள்ளிக்கூடம் திறந்ததும் இன்னொரு கூட்டம் வருகிறது. "அண்ணாச்சி, பிள்ளைக்கு புராஜெக்ட் எடுக்க வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வேண்டும், எதை வாங்கலாம்?" ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

விலை குறைந்த இங்க்ஜெட் பிரிண்டர்களில், அதாவது திரவ மையைத் தெளித்து அச்சடிப்பவற்றில், போடுகிற சிறிய கறுப்பு கார்ட்ரிட்ஜ்களில் 120 பக்கம் வரும் என்று குறிப்பிடப்பட்டவை உண்டு. அதை 600 ரூபாய் கொடுத்து வாங்கினால் பக்கத்துக்கு 5 ரூபாய் மைக்கு மட்டுமே போய்விடுகிறது. என் கடையில் 3 ரூபாய்க்கு எடுத்துத் தருகிறேன், தாளும் என்னுடையது. கார்ட்ரிட்ஜுக்குள் 5 மில்லி மை இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு லிட்டர் 1,20,000 ரூபாய். அதில் பெரும்பகுதி தண்ணீர். மீதி சாயம், மை சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்கச் சேர்க்கும் கிளைகால் போன்ற சில ரசாயனங்கள்.

அந்த 120 பக்கமும் முழுதாக வராது. ஒரு பக்கத்தில் சுமார் 5 சதவீத இடத்தில் மை படும் என்ற கணக்கில்தான் பொதுவாக இந்த எண்களைச் சொல்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை சூரியக் குடும்பத்தைக் கறுப்பு வானத்தோடு எடுத்தால் அந்த ஒரு தாளே இருபது தாளின் மையைக் குடித்துவிடும். பல நாள் சும்மா கிடந்த பிரிண்டரைப் போட்டால், தாளில் மையைத் தெளிக்கிற ஹெட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அதுவாகவே கொஞ்சம் மையை உறிஞ்சி உள்ளே இருக்கிற பஞ்சில் கொட்டுகிறது. கலர் கார்ட்ரிட்ஜில் மூன்று நிறமும் ஒரே டப்பாவில் இருக்கும். மஞ்சள் தீர்ந்தால் மிச்சமிருக்கிற நீலத்தையும் சிவப்பையும் சேர்த்தே தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. புதுப் பிரிண்டரோடு வருகிற கார்ட்ரிட்ஜிலும் பல நேரம் அரைகுறை மைதான். முதல் மாதமே "தீர்ந்துவிட்டது" என்று விளக்கு எரிவது அதனால்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வியாபாரத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது.

நிறுவனங்களின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தலைமுடியை விட மெல்லிய துவாரங்கள் வழியாக மையைச் சூடாக்கித் துளித்துளியாகத் தெறிக்க வைக்கிற ஹெட், பல மாடல்களில் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. அது சாமானிய வேலை அல்ல, அதற்கு விலை கேட்கட்டும். ஆனால் மெஷினை அடக்க விலைக்குத் தள்ளிவிட்டு, விட்ட காசை மையில் வருடக்கணக்கில் வசூலிக்கிறார்களே, அதை வாங்கும்போதே சொல்ல வேண்டாமா? வாங்குகிறவரில் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கணக்கு இரண்டாவது கார்ட்ரிட்ஜ் வாங்கும்போதுதான் பிடிபடுகிறது.

விலையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜில் ஒரு சிப் வைத்து, அதை அடையாளம் கண்டால்தான் பிரிண்டர் ஓடும் என்று பூட்டுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கும் ஓர் அக்கா, கொரோனா காலத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக ஒரு பிரிண்டர் வாங்கினார். கம்பெனி மை கட்டுப்படியாகாமல் வேறு தயாரிப்பு கார்ட்ரிட்ஜ் போட்டு நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஏதோ அப்டேட் கேட்டிருக்கிறது, சரி என்று அழுத்தியிருக்கிறார். மறுநாளிலிருந்து அந்த கார்ட்ரிட்ஜ் செல்லாது என்று திரையில் வருகிறது. உள்ளே மை தளும்புகிறது, ஹெட் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு தாள் வெளியே வரவில்லை. பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்து, "தம்பி, நான் என்ன தப்பு செய்துவிட்டேன்?" என்று கேட்டார். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. தன் பணத்தில் வாங்கிய பொருளை இரவோடு இரவாக வேறொருவர் பூட்டிவிட்டார், அவ்வளவுதான்.

இது நம் ஊர் வழக்கு மட்டும் அல்ல. வேறு நிறுவனத்து மையை ஏற்காமல் தடுக்கும் கட்டுப்பாடு தன் பிரிண்டர்களில் இருப்பதை வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் எச்பி நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் நிறுவனம், காலி கார்ட்ரிட்ஜ்களில் டோனர் (லேசர் பிரிண்டரில் மைக்குப் பதிலாகப் போடும் பொடி) நிரப்பி விற்றவர்கள் மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. எதிர்த்து நின்றது மேற்கு வர்ஜீனியாவில் இருந்த இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சிறிய கம்பெனி. உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 மே மாதம் அந்தச் சிறிய கம்பெனி வென்றது. ஒரு பொருளை விற்றபிறகு அதன் மேல் காப்புரிமையைக் காட்டி வாங்கியவரின் கையைக் கட்ட முடியாது என்பதே தீர்ப்பு.

2022 தொடக்கத்தில் நடந்ததைக் கேட்டால் இன்னும் தெளிவாகும். உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்த நேரம். கேனான் தன்னுடைய டோனர் கார்ட்ரிட்ஜ்களையே சிப் இல்லாமல் அனுப்ப வேண்டியதாயிற்று. அப்போது ஜெர்மனியில் தன் வாடிக்கையாளர்களுக்கு, திரையில் வரும் எச்சரிக்கையைத் தாண்டி எப்படி பிரிண்ட் எடுப்பது என்று அந்த நிறுவனமே வழிகாட்டியது. சிப் இல்லாவிட்டால் டோனர் அளவு சரியாகக் காட்டாது, அச்சின் தரத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றது. ஆக, சிப் இல்லாமலும் அச்சாகும். இதை நாம் சொன்னால் "பிரிண்டர் கெட்டுப்போகும்" என்று பயமுறுத்துகிறார்கள்.

ஜங்ஷன் பக்கம் மாடிப்படி ஒன்றின் அடியில் கார்ட்ரிட்ஜ் ரீஃபில் செய்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவருடைய வேலையை நின்று பார்த்திருக்கிறேன். கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 ஆகிய பழைய லேசர் மெஷின்கள் நம் பக்கத்துக் கடைகளில் இன்றைக்கும் ஓடுகின்றன. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பிலான கார்ட்ரிட்ஜ்தான், கணக்குக்கு 2,000 பக்கம். அதன் இரு பக்க ஊசிகளையும் தட்டி எடுக்கிறார், கார்ட்ரிட்ஜ் இரண்டாகப் பிரிகிறது. பளபளவென்று இருக்கும் டிரம்மை, அதாவது பொடியை வாங்கித் தாளில் பதிக்கிற உருளையை, கழற்றியதும் வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றி ஓரமாக வைக்கிறார். டிரம்மைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற பிளேடைக் கழற்றி, அதன் பின்னால் சேர்ந்திருக்கும் கழிவுப் பொடியைத் தட்டிக் கொட்டுகிறார். இதைச் செய்யாமல் மேலே மேலே நிரப்பினால் அடுத்த மாதமே தாளில் கறுப்புக் கோடு விழும். பிறகு உருளைகளைத் துடைத்து, மூடியைத் திறந்து 100 கிராம் அளவுக்கு டோனரை ஊற்றி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, என் கண் முன்னாலேயே ஒரு தாள் எடுத்துக் காட்டுகிறார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நாள் முழுக்க அந்தப் பொடியில் வேலை செய்கிறார். நான் கொடுப்பது 300 ரூபாய். 2,000 பக்கம் வந்தால் பக்கத்துக்கு 15 பைசா. டிரம் தேய்ந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம், கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

இவரைப் போன்றவர்களை "டூப்ளிகேட் பார்ட்டி" என்று சிலர் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. கம்பெனி பெட்டியைப் போலவே அச்சடித்துப் போலிச் சரக்கை அசல் விலைக்கு விற்பவன் திருடன். வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்த கார்ட்ரிட்ஜில் பொடி நிரப்பித் தருகிறவர் தொழிலாளி. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். ரீஃபில் செய்கிறவர்களிலும் மட்டமான பொடியை ஊற்றி டிரம்மைக் கெடுப்பவர்கள் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. கழிவுப் பொடியைக் கொட்டுகிறாரா, டெஸ்ட் தாள் எடுத்துக் காட்டுகிறாரா என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

கம்பெனிகள் இறங்கி வந்ததும் இவர்களால்தான். பிரிண்டருக்கு வெளியே மை டப்பாக்களை வைத்து, குழாய் போட்டு உள்ளே இழுத்துக் குறைந்த செலவில் ஓட்டும் வழக்கம் ஆசிய நாடுகளில் கடைக்குக் கடை பரவியது. அதைத் தடுக்க முடியாமல்தான் 2010-இல் எப்சன், தானே டேங்க் வைத்த பிரிண்டரை முதலில் இந்தோனேசியாவில் இறக்கியது. இன்று எல்லாப் பெரிய நிறுவனங்களும் டேங்க் பிரிண்டர் விற்கின்றன. ஒரு பாட்டில் கறுப்பு மையில் 4,000 பக்கத்துக்கு மேல் வருகிற மாடல்கள் இருக்கின்றன. பாட்டில் 400 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 10 பைசாதான். கார்ட்ரிட்ஜில் 5 ரூபாய்க்கு விற்ற அதே வேலைதான் இது.

ஆகவே, வீட்டில் கறுப்பு எழுத்து மட்டும் போதும் என்றால் லேசர் வாங்குங்கள், ரீஃபில் செய்ய முடிகிற மாடலா என்று விசாரித்துவிட்டு. டோனர் பொடி என்பதால் மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் காயாது. சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் பட்டாலும் கலங்காது. மனுவோ பத்திரமோ எடுப்பவர்களுக்கு நான் லேசரைத் தவிர வேறு சொல்வதில்லை. சாய மையில் எடுத்த மனு ஒன்று மழையில் நனைந்து, சர்வே எண்ணே தெரியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். கலர் அடிக்கடி தேவை என்றால் கூடுதல் பணம் போட்டு டேங்க் பிரிண்டர் வாங்குங்கள், வாரம் ஒரு தாளாவது கலரில் எடுங்கள், இல்லாவிட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஐம்பது அறுபது தாள்தான் வேண்டும் என்றால் எதையுமே வாங்காதீர்கள். தெருமுனைக் கடையில் எடுங்கள். கடைக்காரன் என்பதால் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது.

ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் மாடலை வாங்கிவிட்டவர்கள் முதலில் தானாக அப்டேட் ஆகும் வசதியை அணைத்து வையுங்கள். மை முற்றிலும் தீரும்வரை ஓட்டாமல், எழுத்து மங்கத் தொடங்கியதுமே ரீஃபிலுக்குக் கொண்டு போங்கள். மை இல்லாமல் சூடானால் ஹெட் கருகிவிடும், அதன் பிறகு எந்த மை ஊற்றியும் பயனில்லை.

2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டு மின் சாதனம், வாகனம் ஆகிய நான்கு துறைகளை முன்வைத்தார்கள். மின்னணுக் கழிவு விதிகளில் பிரிண்டரையும் கார்ட்ரிட்ஜையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிற அரசு, இந்த உரிமையிலும் அவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கட்டும். குப்பையாகும்போது கணக்கில் வருகிற பொருள், நல்ல நிலையில் இருக்கும்போதும் கணக்கில் வர வேண்டும்.

ஊர் மனுவெல்லாம் எழுதுகிற நான் இதற்கும் ஒரு மனு எழுதியிருக்கிறேன். அந்தத் துறைக்கு அனுப்பப் போகிறேன். மூன்று கோரிக்கைகள். ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று நட்சத்திரச் சீட்டில் இருப்பது போல, பிரிண்டர் பெட்டியின் மேலும் ஒரு பக்கத்துக்கான மைச் செலவை ரூபாயில் அச்சிட வேண்டும். விற்ற பிறகு அப்டேட் என்ற பெயரில் வேறு மையைத் தடுக்கக் கூடாது. சிப் வைத்த கார்ட்ரிட்ஜ் என்றால் அதைப் பெட்டியில் தமிழிலும் எழுத வேண்டும். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் இந்த வாரம் கடைக்கு வாருங்கள். பிரிண்டர் திடீரென்று பூட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தனியாகவும் புகார் கொடுங்கள். பில்லையும் திரையில் வந்த செய்தியின் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.